ஐஸ் அறைச் சுவரில் ஒரு லினக்ஸ் போர்டு: எந்த வழுநீக்கத் தெரிவை இயக்குவது, எதை விடுவது

திருகோணமலையின் கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் ஓர் ஐஸ் அறை என்று வைத்துக்கொள்வோம். கதவுக்கு மேலே, நீர் புகாத பெட்டிக்குள், கையளவு போர்டு ஒன்று. நான்கு உணரிகளின் வெப்பநிலையை நிமிடத்துக்கு ஒரு தடவை படித்து 4ஜி டொங்கிள் வழியே அனுப்புவதுதான் அதன் வேலை. இரவு ஒன்றரை மணிக்கு அது உறைந்து நின்றுவிடுகிறது. காலையில் ஐஸ் அறைப் பொறுப்பாளர் பிளக்கைக் கழற்றி மாட்டுகிறார், போர்டு எழுந்துவிடுகிறது. ஏன் நின்றது என்பதைச் சொல்லக்கூடிய ஒரே பதிவு நினைவகத்தில் இருந்தது. பிளக்கைக் கழற்றிய கணத்தில் அதுவும் அழிந்துவிட்டது.

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலைத் தொகுக்கும்போது, பிழைகளைக் கண்டுபிடிக்க உதவும் வழுநீக்கத் தெரிவுகளை இயக்கவோ அணைக்கவோ முடியும். அவற்றைப் பற்றிக் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை, மேசைமேல் போர்டும் பக்கத்தில் மடிக்கணினியும் இருக்கும் நிலைக்கு எழுதப்பட்டவை. திருகோணமலையில் பொருத்தப்படும் போர்டுகள் அப்படி இருப்பதில்லை. ஒன்று ஜெட்டியில் இருக்கும், இன்னொன்று மூதூரில் இருக்கும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தபின் மூதூருக்குத் தரைவழிப் பயணம் எளிதாகிவிட்டது உண்மைதான். ஆனாலும் ஒரு சீரியல் கேபிளைச் செருகிப் பார்ப்பதற்காக மட்டும் போய்வருவது அரைநாள் வேலை. ஆகவே எந்தத் தெரிவையும் இயக்கும் முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: வழு நிகழும் கணத்தில் தடயம் எங்கே விழும், அதை எடுக்க அங்கே யார் இருப்பார்?

உதாரணப் போர்டாக பீகிள்போன் பிளாக்கை எடுத்துக்கொள்கிறோம். அதிலுள்ள ஏஎம்3358 செயலிக்கு ஒரே ஒரு கோர்ட்டெக்ஸ்-ஏ8 கோர், வேகம் 1 கிகாஹேர்ட்ஸ், நினைவகம் 512 மெகாபைட். வெப்பநிலை உணரி டிஎஸ்18பி20, 1-வயர் இணைப்பில். ஒற்றைக் கோர், 512 மெகாபைட், 1-வயர் என்ற இந்த மூன்றும் பின்னால் வரும் முடிவுகளைத் தீர்மானிக்கின்றன. தெரிவுகளின் பெயர்களை ஒலிப்படி தருகிறோம். கெர்னலை அமைக்கும் மெனுகான்ஃபிக் திரையில் சாய்கோட்டை அழுத்தி அந்தப் பெயரைத் தட்டினால் அது இருக்கும் இடமும் அது எதைச் சார்ந்தது என்பதும் வரும்.

ஒரே அடிப்படை, இரண்டு கெர்னல்

மேசைக்கு ஒரு கெர்னல், களத்துக்கு ஒரு கெர்னல் வேண்டும். இரண்டையும் தனித்தனியாக மெனுவில் தட்டி உருவாக்கினால் ஒரு மாதத்துக்குள் அவை எந்த எந்த இடத்தில் வேறுபடுகின்றன என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும். ஓமாப்2பிளஸ் என்ற இயல்பு அமைவை அடிப்படையாக வைத்து, மாறும் வரிகளை மட்டும் கொண்ட இரண்டு சிறு துண்டுக் கோப்புகளை எழுதுங்கள். கெர்னல் மூலத்தின் ஸ்கிரிப்ட்ஸ் அடைவுக்குள், கேகான்ஃபிக் பகுதியில் உள்ள மெர்ஜ்-கான்ஃபிக் நிரல் அடிப்படையையும் துண்டையும் சேர்த்துத் தரும்.

இங்கே முதல் பொறி. ஒரு தெரிவு சார்ந்திருக்கும் இன்னொரு தெரிவு இயங்கவில்லை என்றால், நீங்கள் எழுதிய வரி இறுதிக் கோப்பிலிருந்து நீங்கிவிடும், தொகுப்பும் தடையின்றி முடியும். மெர்ஜ்-கான்ஃபிக் ஓர் எச்சரிக்கை வரியைக் காட்டும்தான், ஆனால் அது திரையில் ஓடிப்போகும் மற்ற வரிகளுக்குள் மறைந்துவிடும். இதற்கு நல்ல உதாரணம் 'டீபக் இன்ஃபோ'. 5.17 கெர்னல் வரை அதை நேரே இயக்கலாம். 5.18இலிருந்து அது பயனர் தொடக்கூடிய தெரிவு அல்ல. வழுநீக்கத் தகவலின் வடிவமாக ட்வார்ஃப் 4, ட்வார்ஃப் 5, தொகுப்பியின் இயல்பு ஆகியவற்றில் ஒன்றை நீங்கள் தேர்ந்தால்தான் அது தானாக இயங்கும். பழைய துண்டுக் கோப்பை அப்படியே புதிய கெர்னலுக்குக் கொண்டுவந்தவர்களுக்கு வழுநீக்கத் தகவல் இல்லாத கெர்னல்தான் கிடைக்கும், அது தெரியவருவது முதல் கோளாறு விழும் நாளில். எனவே சேர்த்து முடித்ததும், துண்டில் உள்ள ஒவ்வொரு வரியும் இறுதி அமைவுக் கோப்பில் இருக்கிறதா என்று கிரெப் கட்டளையால் தேடிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

'ஐகேகான்ஃபிக்' தெரிவையும் அதன் ப்ராக் துணைத் தெரிவையும் இரண்டு கெர்னலிலும் இயக்குங்கள். ஓடிக்கொண்டிருக்கும் போர்டே தன் அமைவை ஒரு சுருக்கிய கோப்பாகத் தரும். 'லோக்கல்வெர்ஷன்' தெரிவில் மேசை, களம் என்று ஏதாவது ஒரு அடையாளத்தைச் சேர்த்துவிட்டால், வந்த பதிவு எந்தக் கெர்னலுடையது என்று பிறகு சந்தேகம் வராது.

'ஸ்டார்ட்டிங் கெர்னல்' என்ற வரிக்குப் பின் மௌனம்

கெர்னலை நினைவகத்தில் ஏற்றித் தொடக்கிவைக்கும் நிரலான யூ-பூட் 'ஸ்டார்ட்டிங் கெர்னல்' என்று எழுதிவிட்டு ஒதுங்கும். அதன்பின் ஒன்றுமே வராமல் போவதுதான் புதிய போர்டில் முதலில் எதிர்கொள்ளும் தொல்லை. கெர்னல் செத்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். பல நேரம் அது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், அதன் பேச்சுத்தான் வெளியே வந்திருக்காது.

முதலில் கன்சோல் பெயர், அதாவது கெர்னல் தன் செய்திகளை எழுதும் சீரியல் போர்ட்டின் பெயர். பழைய ஓமாப் சீரியல் ஓட்டுநர் (வன்பொருளை இயக்கும் கெர்னல் நிரல்) தன் போர்ட்டை டிடிஒய்-ஓ-0 என்று அழைக்கும், அந்த ஓ ஆங்கில எழுத்து. புதிய 8250 ஓமாப் ஓட்டுநர் அதையே டிடிஒய்-எஸ்-0 என்று அழைக்கும். கெர்னலில் ஒன்றும், யூ-பூட் கெர்னலுக்குத் தரும் பூட் வரியில் மற்றொன்றும் இருந்தால் திரையில் எதுவும் வராது. பழைய பெயரைப் புதியதாக மாற்றிக்கொடுக்க '8250 ஓமாப் டிடிஒய்ஓ ஃபிக்ஸப்' என்று ஒரு தெரிவே இருக்கிறது.

பெயர் சரி, இன்னும் மௌனம் என்றால் 'சீரியல் எர்லிகான்' தெரிவை இயக்கி பூட் வரியில் எர்லிகான் என்ற சொல்லைச் சேருங்கள். எந்த சீரியல் போர்ட் என்று சாதன மரத்தில் (போர்டின் வன்பொருளை விவரிக்கும் கோப்பில்) குறித்திருந்தால் வேறெதுவும் தர வேண்டியதில்லை. முழு சீரியல் ஓட்டுநர் எழும் முன்பே செய்திகள் வரத் தொடங்கும். அப்படி வந்துகொண்டிருந்தவை 'பூட்கன்சோல் டிஸ்ஏபிள்ட்' என்ற வரியோடு நின்றால், தற்காலிகக் கன்சோல் விலகிவிட்டது, உண்மையான கன்சோல் இன்னும் வரவில்லை என்று பொருள். சீரியல் ஓட்டுநரைக் கெர்னலுக்குள் சேர்க்காமல், பின்னர் ஏற்றப்படும் தனிக் கோப்பான மொடியூலாக வைத்திருப்பீர்கள், இல்லையென்றால் பெயர் பிழை. 'கீப்_பூட்கான்' என்று பூட் வரியில் சேர்த்தால் தற்காலிகக் கன்சோல் விலகாது, மீதியைப் படிக்கலாம்.

எர்லிகானும் பேசவில்லை என்றால் கடைசிப் படி 'டீபக் எல்எல்'. இது நினைவக மேலாண்மை அலகு இயங்கும் முன்பே, சீரியல் போர்ட்டின் பௌதிக முகவரிக்கு நேரே எழுதுவது. பீகிள்போனுக்கு 'ஏஎம்33எக்ஸ்எக்ஸ் யூஆர்ட்1' என்பதைத் தேர்க. செயலிக் கையேட்டில் அதே போர்ட்டுக்கு எண் 0. கெர்னல் மெனு 1இலிருந்து எண்ணுவதால் பலர் இங்கே தவறான போர்ட்டைத் தேர்கிறார்கள். 'எர்லி பிரிண்ட்கே' தெரிவையும் பூட் வரியில் அதே சொல்லையும் சேர்க்க வேண்டும். இந்தக் கெர்னலில் முகவரி கல்லில் பொறித்தது போல. வேறு செயலி உள்ள போர்டில் இதைப் போட்டால் அது எழாமலே போகலாம். ஆகவே களக் கெர்னலில் இதற்கு இடமில்லை.

பெரிதாகிவிட்ட கெர்னலும் இதே மௌனத்தைத் தரும். கனமான தெரிவுகளை இயக்கினால் கெர்னல் பல மடங்கு வீங்கும். யூ-பூட் சாதன மரத்தையோ தொடக்கக் கோப்பு முறையையோ ஏற்றிய முகவரி வரை அது நீண்டால் ஒன்றை மற்றது அழித்துவிடும். யூ-பூட் மாறிகளில் உள்ள ஏற்ற முகவரிகளின் இடைவெளியைக் கணக்கிட்டுப் பாருங்கள்.

கம்பிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பீகிள்போனின் ஜே1 தலைப்பில் 1ஆம் ஊசி தரை, 4 வாங்குவது, 5 அனுப்புவது. 3.3 வோல்ட் கேபிள் மட்டுமே பொருத்த வேண்டும், 5 வோல்ட் கம்பியை இணைக்க வேண்டாம். களத்தில் கேபிளைக் கழற்றிய பின் பல போர்டுகளில் வாங்கும் ஊசி எதனோடும் சேராமல் மிதக்கும். கொம்பிரசர் மோட்டார் பக்கத்தில் ஓடும்போதும், மாரிகாலத்தில் உப்பும் ஈரமும் ஊசிகளில் படியும்போதும் அந்த ஊசி குப்பை எழுத்துக்களை வாங்கும். யூ-பூட் அதை யாரோ விசையைத் தட்டியதாக எண்ணி, பூட் செய்யாமல் தன் கட்டளைத் திரையிலேயே நின்றுவிடும். கெர்னல் ஓடும்போது அதே குப்பை 'பிரேக்' சமிக்ஞையாகத் தெரிந்தால் மேஜிக் சிஸ்ரெக் கட்டளையாகவும் (கெர்னலுக்கு நேரே தரும் அவசரக் கட்டளை) எடுபடும். அந்தக் கட்டளைகளில் ஒன்று போர்டை உடனே மறுதொடக்கம் செய்வது. கெர்னலின் உதவிக் குறிப்பே இந்த ஆபத்தைச் சொல்லி, 'மேஜிக் சிஸ்ரெக் சீரியல்' என்ற தெரிவைத் தனியாகத் தருகிறது. மேசையில் அதை இயக்குங்கள், களத்தில் அணையுங்கள். யூ-பூட்டில் ஒரு குறித்த சொல்லைத் தட்டினால் மட்டுமே நிற்கும்படி 'ஆட்டோபூட் கீட்' தெரிவை வையுங்கள். ஒரு 10 கிலோஓம் தடையால் அந்த ஊசியை 3.3 வோல்ட்டோடு இழுத்துக் கட்டுவது இன்னும் நல்லது.

பெயர்கள் இல்லாத தடம் பயன்படாது

கெர்னல் தடுக்கி விழும்போது எழுதும் அழைப்புத் தடத்தில் சார்புகளின் பெயர்கள் வர 'கேஆல்சிம்ஸ்' இயங்க வேண்டும். சில நூறு கிலோபைட் மிச்சம் பிடிக்க இதை அணைப்பவர்கள் உண்டு. 512 மெகாபைட் போர்டில் அது பொருளற்ற சிக்கனம். 32 பிட் ஆர்மில் தடத்தைப் பின்னோக்கிப் படிக்க 'அன்வைண்டர்' தெரிவும் வேண்டும்.

வழுநீக்கத் தகவலைப் பற்றி ஒரு தவறான பயம் நிலவுகிறது: அதை இயக்கினால் போர்டில் இடம் போதாது என்று. அந்தத் தகவல் வீஎம்லினக்ஸ் என்ற பெரிய கோப்பில்தான் சேரும், அது உங்கள் கணினியிலேயே இருக்கும். போர்டுக்குப் போகும் ஸீஇமேஜில் அது இல்லை. மொடியூல்கள்தான் வீங்கும், அவற்றை நிறுவும்போது 'இன்ஸ்டால்_மொட்_ஸ்ட்ரிப்=1' என்று தந்தால் கழிந்துவிடும். எனவே களக் கெர்னலிலும் வழுநீக்கத் தகவலை இயக்கலாம், இயக்கவும் வேண்டும்.

ஆனால் அந்த வீஎம்லினக்ஸ் கோப்பை வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் வீஎம்லினக்ஸ், சிஸ்டம்மேப், அமைவுக் கோப்பு, மொடியூல்கள் ஆகிய நான்கையும் பதிப்பெண்ணோடு ஓர் அடைவில் பூட்டி வையுங்கள். அதே மூலத்தை மறுபடி தொகுத்தால் போதும் என்று நம்ப வேண்டாம். தொகுப்பியின் பதிப்பு சற்று மாறினாலே சார்புகள் இடம் பெயர்ந்துவிடும், தடம் தவறான வரியைக் காட்டும், நீங்கள் நல்ல நிரலைத் திருத்திக்கொண்டிருப்பீர்கள். கோப்பு கையில் இருந்தால், மூலத்துடன் வரும் 'டிகோட்-ஸ்டாக்ட்ரேஸ்' நிரல் முழுத் தடத்தையும் கோப்புப் பெயர், வரி எண் என்று மாற்றித் தரும்.

ஊப்ஸ் செய்தியைப் படிப்பது

கெர்னல் தடுக்கி விழும்போது எழுதும் செய்திக்கு ஊப்ஸ் என்று பெயர். அதில் இரண்டு வகைகளை மட்டும் விரிவாகச் சொல்கிறோம். இவ்வகைச் செயலிகளில் ஓட்டுநர் எழுதுபவர் அதிகம் சந்திப்பவை இவை.

முதலாவது, வெற்றுச் சுட்டி. 'மெய்நிகர் முகவரி 00000008இல் வெற்றுச் சுட்டி அணுகல்' என்ற பொருளில் கெர்னல் எழுதும். அந்த 8ஐக் கவனியுங்கள். சுட்டி 0ஆக இருந்திருக்கிறது, நிரல் தேடியது அந்தக் கட்டமைப்பின் தொடக்கத்திலிருந்து 8 பைட் தள்ளியிருக்கும் உறுப்பை. 32 பிட்டில் ஒரு சுட்டிக்கு 4 பைட். ஆகவே முதல் இரண்டு உறுப்புகள் சுட்டிகளானால் மூன்றாவது உறுப்பைத் தொட்ட இடம்தான் குற்றவாளி. பிசி (விழுந்த கணத்தில் ஓடிய கட்டளையின் இடம்) என்று வரும் வரி சார்பின் பெயரையும் அதற்குள் எத்தனை பைட் தள்ளி என்பதையும் தரும். அந்தச் சார்புக்குள் அதே கட்டமைப்பைத் தொடும் வரிகள் இரண்டோ மூன்றோதான் இருக்கும். கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டியதில்லை.

இரண்டாவது, 'எக்ஸ்டெர்னல் அபோர்ட் ஆன் நான்-லைன்ஃபெட்ச்'. இதைப் பார்த்ததும் பலர் நினைவகச் சில்லு பழுது என்று போர்டை மாற்றுகிறார்கள். இந்தக் குடும்பச் செயலிகளில் இதன் வழக்கமான காரணம் வேறு. ஒவ்வொரு துணை அலகுக்கும் தனிக் கடிகாரம் உண்டு. மின்சாரம் மிச்சம் பிடிக்க, பயன்படாத அலகின் கடிகாரத்தைக் கெர்னல் நிறுத்திவிடும். கடிகாரம் நின்ற அலகின் பதிவேட்டைப் படிக்கப் போனால் மறுமொழி தர அங்கே ஒன்றும் இல்லை, செயலி இந்தச் செய்தியோடு விழும். ஓட்டுநர் பதிவேட்டைத் தொடும் முன் ரன்டைம் பிஎம் என்ற மின் மேலாண்மை வழியாக அலகை எழுப்ப மறந்திருக்கிறது, அவ்வளவுதான். பூட் ஆகத் தொடங்கும்போது வேலை செய்யும் ஓட்டுநர் சில விநாடி சும்மா இருந்தபின் விழுகிறது என்றால் இதையே முதலில் சந்தேகியுங்கள்.

இதிலேயே இன்னொரு நுட்பம் உண்டு. செய்தியில் 'இம்ப்ரிசைஸ்' என்ற சொல் வந்தால் பிசி காட்டும் இடத்தை நம்பக் கூடாது. எழுத்துகள் இடைத் தாங்கியில் நின்று பிந்திப் போய்ச் சேர்வதால், பிழை திரும்பி வரும்போது செயலி பல கட்டளைகள் தாண்டிப் போயிருக்கும். அப்போது சந்தேகத்துக்குரிய ஒவ்வொரு எழுத்துக்குப் பின்னும் அதே அலகிலிருந்து ஒரு வாசிப்பைச் சேருங்கள். வாசிப்பு முடியாமல் செயலி நகராது என்பதால் பிழை தன் உண்மையான இடத்தில் நிற்கும்.

மேசைக்கு மட்டும் உரியவை

'ப்ரூவ் லாக்கிங்', 'டீபக் அட்டாமிக் ஸ்லீப்' ஆகிய இரண்டையும் மேசைக் கெர்னலில் கட்டாயம் வையுங்கள். ஒற்றைக் கோர் போர்டுக்குப் பூட்டுச் சோதனை எதற்கு என்று கேட்பவர்களுக்கு: பல கோர்களுக்கான 'எஸ்எம்பி' தெரிவை அணைத்துத் தொகுத்தால் சுழல் பூட்டுகள் கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் ஆகிவிடும். பூட்டைத் தவறாகப் பிடித்த ஓட்டுநரும் வருடக்கணக்கில் ஓடும். நாளை அதே ஓட்டுநரை நான்கு கோர் போர்டுக்குக் கொண்டுபோகும் அன்று அது உறையும். 'ப்ரூவ் லாக்கிங்' இயக்கும் லாக்டெப் சோதனை, முட்டுக்கட்டை உண்மையில் நிகழும்வரை காத்திருப்பதில்லை. பூட்டுகள் பிடிக்கப்படும் வரிசையைப் பார்த்து, நிகழக்கூடியதை முன்பே சொல்லும். முதல் அறிக்கையோடு அது தன்னை அணைத்துக்கொள்ளும் என்பதை நினைவில் வையுங்கள். யாரோ எழுதிய ஓட்டுநரின் குறை முதலில் அகப்பட்டுவிட்டால் உங்களுடையது வெளியே வராது. முதல் அறிக்கையைத் தீர்த்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

நினைவகக் கேடுகளுக்கு 'கேசான்' மிகக் கூரிய கருவி. விலையும் அதிகம்: ஒவ்வொரு 8 பைட்டுக்கும் 1 பைட் நிழல், அதாவது 512 மெகாபைட்டில் 64 போய்விடும், வேகமும் இரண்டு மூன்று மடங்கு குறையலாம். அதைவிட மலிவானது 'ஸ்லப் டீபக்'. கெர்னலில் அதைச் சேர்த்து வைத்தால் போதும், பூட் வரியில் கேட்டால் மட்டுமே இயங்கும். எஃப், ஸீ, பி என்ற கொடிகளோடு ஒரே ஒரு நினைவகத் தொகுதிக்கு மட்டும், எடுத்துக்காட்டாக 64 பைட் துண்டுகளுக்கு மட்டும், இயக்க முடிவது இதன் பெரிய வசதி. ஊப்ஸ் செய்தியின் பதிவேடுகளில் 6பி6பி6பி6பி என்ற பதினாறடிமான எண் தெரிந்தால், விடுவித்த நினைவகத்தை யாரோ இன்னும் பயன்படுத்துகிறார் என்று உடனே சொல்லிவிடலாம். விடுவித்த இடத்தை அந்த எண்ணால்தான் அது நிரப்புகிறது.

கசிவுக்கு 'கேமெம்லீக்'. 10 நிமிடத்துக்கு ஒரு தடவை தானாகத் தேடும், டீபக்எஃப்எஸ் கோப்பில் ஸ்கேன் என்று எழுதி உடனே தேடவும் வைக்கலாம். இரண்டாம் முறை தேடியபின்னும் நிற்கும் பெயர்களை மட்டும் கணக்கில் எடுங்கள்.

இந்தக் கனமான கருவிகளைக் களத்துக்கு அனுப்பக் கூடாது என்பதற்கு வேகமும் நினைவகமும் மட்டும் காரணம் அல்ல. அவை நேரத்தை மாற்றுகின்றன. 1-வயர் உணரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பிட்டைப் படிக்கத் தொடங்கியதிலிருந்து 15 மைக்ரோ செக்கனுக்குள் கோட்டின் நிலையைப் பார்த்துவிட வேண்டும். ஊசியை ஏற்றி இறக்கும் ஒவ்வொரு அழைப்பும் கேசான், லாக்டெப் சோதனைகளைக் கடந்து போனால் அந்தச் சாளரம் தவறும், சீஆர்சி (தரவுச் சரிபார்ப்பு) பிழைகள் கொட்டும். மேசைக் கெர்னலில் மட்டும் உணரி பிழை சொல்கிறது என்றால் கேபிளைக் குறை சொல்லும் முன் கருவிகளை அணைத்துப் பாருங்கள். இதன் மறுபக்கமும் உண்டு: களத்தில் நிகழும் போட்டி வழு, கருவிகள் இயங்கும்போது நேரம் மாறுவதால் மேசையில் தலைகாட்டாமலே போகலாம். உணரி 85 பாகை என்று காட்டினால், அது கெர்னல் வழு அல்ல. டிஎஸ்18பி20 மின்சாரம் வந்ததும் தன் பதிவேட்டில் வைத்திருக்கும் தொடக்க எண் அது. அளந்து முடிக்க 12 பிட்டில் 750 மில்லிசெக்கன் வரை வேண்டும். அதற்கு முன் படித்திருக்கிறீர்கள், அல்லது அளவின் நடுவில் உணரிக்கு மின்சாரம் விட்டு வந்திருக்கிறது.

கன்சோலும் இதே வகை. 115200 வேகத்தில் விநாடிக்கு 11520 எழுத்துகள்தான் போகும். 80 எழுத்து வரி ஒன்றுக்கு ஏறத்தாழ 7 மில்லிசெக்கன். ஓட்டுநரில் பத்து வரி அச்சிட்டால் 70 மில்லிசெக்கன் போய்விட்டது. களத்தில், எந்தச் செய்திகள் கன்சோலுக்குப் போகும் என்பதைத் தீர்மானிக்கும் 'லாக்லெவல்' எண்ணைக் குறைத்து, செய்திகளை நினைவகத் தாங்கியில் மட்டும் விடுங்கள். 'லாக் பஃப் ஷிஃப்ட்' 17 என்றால் 128 கிலோபைட், இப்பணிக்குப் போதும். விரிவான செய்திகள் தேவைப்படும் நாளில் 'டைனமிக் டீபக்' மூலம் ஒரே ஓட்டுநரின் செய்திகளை மட்டும், கெர்னலை மாற்றாமல், தொலைவிலிருந்தே திறந்துவிடலாம். களக் கெர்னலுக்கு இது தகுந்த தெரிவு. 'எஃப்ட்ரேஸ்' சார்புத் தடமும் அப்படியே, அணைத்திருக்கும்போது அதன் சுமை மிகச் சொற்பம். இன்டரப்ட் நிறுத்த நேரத்தை அளக்கும் துணைத் தெரிவு மட்டும் அணைத்திருந்தாலும் சுமை தருவது, அதை மேசைக்கே விடுங்கள்.

ஓடும் கெர்னலை இடையில் நிறுத்திப் பார்க்க உதவும் கேஜிடிபி பற்றிச் சுருக்கமாக. சீரியல் வழியே நிறுத்திப் படிக்கலாம், ஆனால் கெர்னல் உகப்பாக்கத்தோடு தொகுக்கப்படுவதால் பாதி மாறிகள் 'நீக்கப்பட்டது' என்றே காட்டும். அதைவிட முக்கியம், நிறுத்தும் முன் வாட்ச்டாக்கை (குறித்த நேரத்துக்குள் சமிக்ஞை வராவிட்டால் போர்டை மறுதொடக்கம் செய்யும் நேரங்காட்டியை) அணைப்பது. கெர்னலை நிறுத்திவிட்டு நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கையில் வாட்ச்டாக் போர்டை மறுதொடக்கம் செய்துவிடும். செயலியை வன்பொருள் வழியே நிறுத்தும் ஜேடேக் கருவிக்கும் இதுவே பொருந்தும். பீகிள்போனில் அதற்கான தலைப்பு பற்றவைக்கப்படாமல் வருகிறது.

தடயத்தைக் காப்பாற்றும் தெரிவுகள்

இனி ஐஸ் அறைக்குத் திரும்புவோம். அங்கே தேவைப்படுபவை சில தெரிவுகள்தான், ஆனால் அவை ஒன்றோடொன்று பொருந்த வேண்டும்.

ஊப்ஸ் நிகழ்ந்தால் கெர்னல் அந்தப் பணியை மட்டும் கொன்றுவிட்டு நொண்டிக்கொண்டே ஓடலாம், கொல்லப்பட்ட பணி ஒரு பூட்டைப் பிடித்திருந்தால் மற்றவை ஒவ்வொன்றாக உறையும். ஆளில்லாத போர்டில் இது ஆகாது. ஊப்ஸ் வந்தால் கெர்னல் முழுவதையும் நிறுத்தும் (அதுதான் பேனிக்) 'பேனிக் ஆன் ஊப்ஸ்' தெரிவை இயக்கி, பூட் வரியில் பேனிக்=10 என்று வையுங்கள். விழுந்து, பத்து விநாடியில் எழும்.

எழும்போது தடயம் தப்ப 'பீஸ்டோர்', 'பீஸ்டோர் ராம்' இரண்டும் வேண்டும். ராம்ஊப்ஸ் என்று அறியப்படுவது இதுதான். சாதன மரத்தில் 1 மெகாபைட் நினைவகத்தை ஒதுக்கி, ஒரு பதிவுக்கு 64 கிலோபைட் என்று பிரியுங்கள். ஒதுக்கும் இடத்தை நினைவகத்தின் உச்சியில் வைக்காதீர்கள். யூ-பூட் தன்னை அங்கேதான் நகர்த்திக்கொள்கிறது, நீங்கள் காத்த தடயத்தின்மேல் அது எழுதிவிடும். பிழைதிருத்தக் குறியீட்டையும் இயக்கினால் மறுதொடக்கத்தில் சில பிட்டுகள் கெட்டாலும் படிக்க முடியும். எழுந்தபின் பதிவுகள் பீஸ்டோர் அடைவில் கோப்புகளாகத் தோன்றும். எடுத்ததும் அழித்துவிட வேண்டும், இல்லையேல் அடுத்ததற்கு இடமிருக்காது. சிஸ்டெம்டி உள்ள போர்டில் அதற்கென்றே ஒரு சேவை இவற்றை நிரந்தர அடைவுக்கு மாற்றிவிடும்.

பலர் விட்டுவிடுவது 'பீஸ்டோர் கன்சோல்'. வாட்ச்டாக் போர்டை உதைத்து எழுப்பும்போது பேனிக் நிகழ்வதில்லை. ஆகவே ஊப்ஸ் பதிவு காலியாக இருக்கும். கன்சோல் பதிவு மட்டுமே கடைசி வரிகளை வைத்திருக்கும். உறைந்து நிற்கும் போர்டுக்கு இதுவே பெரும்பாலும் ஒரே சாட்சி. லாக்லெவலைக் குறைத்தால் இங்கேயும் வரிகள் குறையும் என்பதால் எச்சரிக்கைகள் வரையாவது திறந்து வையுங்கள்.

அடுத்து நேரங்களின் வரிசை. ஒரு கெர்னல் பணி செயலியை விடாமல் பிடித்துக்கொண்டால் 'சாஃப்ட்லாக்அப்' கண்காணிப்பு 20 விநாடியில் தடத்தை எழுதும். ஒற்றைக் கோரில் அதே நேரம் வாட்ச்டாக்குக்குத் தீனி போடும் நிரலும் நின்றுபோயிருக்கும். வாட்ச்டாக்கை 15 விநாடிக்கு வைத்திருந்தால், தடம் எழுதப்படும் முன்பே போர்டு மறுதொடங்கிவிடும். இந்தச் செயலியின் வாட்ச்டாக் ஓட்டுநர் இயல்பாகத் தரும் 60 விநாடியே நல்லது. சாஃப்ட்லாக்அப் நிகழ்ந்தால் பேனிக் ஆகும்படியும் வையுங்கள். 'ஹங் டாஸ்க்' கண்காணிப்பு இயல்பாக 120 விநாடி. எஸ்டி அட்டை பதில் தராமல் நிற்கும்போது அதில்தான் தெரியவரும். இன்டரப்டுகளே அணைந்த நிலையில் உறைந்தால், அதைக் கவனிக்க இந்தச் செயலியில் இன்னொரு கோர் இல்லை. அங்கே வாட்ச்டாக் ஒன்றுதான் துணை.

மின்வெட்டு வந்தால் ராம்ஊப்ஸ் அழியும், பிளக்கைக் கழற்றினாலும் அழியும். இதற்கு மூன்று வழிகள் உண்டு. ஐஸ் அறைப் பொறுப்பாளருக்கு பிளக்கைக் காட்டாமல், மறுதொடக்கப் பொத்தானைப் பெட்டிக்கு வெளியே கொண்டுவந்து, அதை அழுத்தச் சொல்வது முதலாவது, மலிவானதும் அதுதான். ஃபிளாஷில் எழுதும் எம்டிடிஊப்ஸ் அல்லது 5.8 கெர்னலில் வந்த 'பீஸ்டோர் பிளக்' இரண்டாவது, சேமிப்பகத்தின் ஓட்டுநர் பேனிக் நேரத்திலும் எழுதும்படி அமைந்திருக்கிறதா என்று முன்பே பார்க்க வேண்டும். மூன்றாவது, போர்டுக்கு ஒரு சிறு மின்கலம்.

எல்லா மறுதொடக்கத்துக்கும் கெர்னல் பொறுப்பல்ல. கொம்பிரசர் தொடங்கும் கணத்தில் மின்னழுத்தம் சரிந்து போர்டு அணைந்து எழுந்தால் எந்தத் தடமும் இருக்காது. ஏஎம்335எக்ஸ் குடும்பத்தில் கடைசி மறுதொடக்கம் மின்சாரம் போய் வந்ததாலா, வாட்ச்டாக்காலா, மென்பொருளாலா என்று சொல்லும் பதிவேடு ஒன்று உண்டு. பூட் ஆகும்போது அதைப் படித்து ஒரு கோப்பில் எழுதி, பின் அதன் பிட்டுகளை அழியுங்கள். அழிக்காவிட்டால் பழைய காரணங்களும் சேர்ந்தே நிற்கும். பீகிள்போனில் மின்கலம் உள்ள கடிகாரம் இல்லை, மின்வெட்டுக்குப் பின் வலையோடு சேரும்வரை தேதி பிழையாகவே இருக்கும். எனவே அந்தக் கோப்பில் தேதியோடு பூட் எண்ணிக்கை ஒன்றையும் எழுதுங்கள்.

பெட்டியின் மூடியைத் திருகும் முன் மூன்று சோதனை. சிஸ்ரெக் கட்டளைக் கோப்பில் சி என்ற ஆங்கில எழுத்தை எழுதிக் கெர்னலை வேண்டுமென்றே விழுத்துங்கள், எழுந்தபின் பீஸ்டோரில் பதிவு இருக்கிறதா பாருங்கள், அதை வீஎம்லினக்ஸோடு வைத்து வரி எண் வரை மாற்றிப் பாருங்கள். பிறகு வாட்ச்டாக்குக்குத் தீனி போடும் நிரலை நிறுத்திவிட்டு 60 விநாடி காத்திருந்து, கன்சோல் பதிவு தப்புகிறதா பாருங்கள். கடைசியாக, கொம்பிரசர் ஓடும்போது, சீரியல் கேபிள் இல்லாமல், பத்துத் தடவை மின்சாரத்தை நிறுத்தி நிறுத்திப் போடுங்கள். பத்து முறையும் போர்டு தானாக எழுந்து வெப்பநிலையை அனுப்பினால் திருகாணிகளை இறுக்கலாம்.